இன்மை அறிக்கை

ஜூலை 3, புதன்

நாடாளுமன்றக் குழு பதினைந்தாம் தேதி எங்கள் சிறைக்கு வருகிறதாம். எம்.பி.க்கள் எட்டுப் பேர், டெல்லி அதிகாரிகள் நான்கு பேர், சென்னையிலிருந்து எத்தனை பேர் என்று இன்னும் தெரியவில்லை. நாட்டிலுள்ள சிறைகளின் நிலை, வழக்குகள் தேங்குவது இரண்டையும் பற்றி அவையில் அறிக்கை வைக்கப் போகிறார்களாம். அதற்காக ஊர் ஊராகப் பார்த்து வருகிறார்கள். பெரிய மத்தியச் சிறைகளை எல்லாம் விட்டுவிட்டு, இருநூற்றுச் சொச்சம் பேர் இருக்கும் நம்மை யார் கைகாட்டிவிட்டது என்று ஜெயிலர் அருள்வளன் காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருக்கிறார்.

கூடவே ஒரு கேள்விப் பட்டியல். அறுபத்திரண்டு கேள்விகள், எல்லாம் ஆங்கிலத்தில். கண்காணிப்பாளர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் என் மேசைக்கு அனுப்பிவிட்டார். இந்த அலுவலகத்தில் ஆங்கிலம் என்றால் உதவியாளர் சங்கரவடிவு. தபாலில் எம்.ஏ. படித்த குற்றத்துக்காக இருபத்தாறு வருடமாக இந்தத் தண்டனையை அனுபவிக்கிறேன். நன்னடத்தைக்காகக் கழிவும் கிடையாது.

வீட்டில் இவருக்குக் கண்புரை அறுவை முடிந்து மூன்றாம் நாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. பேப்பர் படிக்கக் கூடாது, டிவி பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் மிச்சமிருக்கிற வாய் மட்டும் முழு நேரம் வேலை பார்க்கிறது.

ஜூலை 5, வெள்ளி

நாற்பது கேள்விகளுக்கு எழுதி முடித்துவிட்டேன். பாதி வெறும் எண்ணிக்கை. கழிப்பறை எத்தனை, மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள், வழக்கறிஞர் இல்லாதவர்கள் எத்தனை பேர். மருத்துவர் கேள்வியில் கொஞ்சம் நெளிந்தேன். 'தேவைக்கேற்ப' என்று எழுதினேன். யாருடைய தேவை என்று அவர்கள் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

இருபத்தேழாவது கேள்வி: பிணை கிடைத்தும் அல்லது விடுதலை ஆணை வந்தும் உள்ளேயே இருப்போர் எத்தனை பேர், காரணம் என்ன? போன வருடம் தலைமையகம் இதையே கேட்டபோது இன்மை அறிக்கை அனுப்பினேன். அதற்கு முந்தின வருடமும் அதேதான். கேட்டது எங்களிடம் ஒன்றுகூட இல்லை என்று ஒரு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவதுதான் இன்மை அறிக்கை. அரசு அலுவலகத்தில் அதைவிடச் சுகமான தாள் இல்லை. அதை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

இருந்தாலும் நாடாளுமன்றமாயிற்றே என்று பதிவேட்டை ஒரு தடவை புரட்டினேன். பிணை கிடைத்தும் உள்ளே இருப்பவர் என்று பார்த்தால் தவசிக்கனி ஒருவர்தான். ஆனால் அவர் மேல் பி.டி. வாரண்ட் நிற்கிறது. எங்களிடம் இருக்கும் ஒருவரை வேறு ஊர் நீதிமன்றம் தன் வழக்குக்காகக் கேட்டு அனுப்பும் தாள் அது. அது தீராமல், இங்குள்ள வழக்கில் பிணை கிடைத்தாலும் வெளியே விட முடியாது. அவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'பி.டி. நிலுவை' என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். ஆகவே அவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். 27: இன்மை.

தவசிக்கனி கிணறு தூர் வாருகிறவர். அவர் இறங்கி ஏறிய ஒரு தோட்டத்தில் மோட்டார் காணாமல் போனது. அதே மாதம் பக்கத்துத் தாலுகாவிலும் ஒரு மோட்டார் போனது. இரண்டுக்கும் அவர் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். தீர்ப்பு வராத கைதிகளை வேலை வாங்கக் கூடாது என்பது விதி. சும்மா இருந்தால் உடம்பு நோவுது என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டு எங்கள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்துக் கொடுக்கிறார். மூலைமுடுக்கில் தூசி விடமாட்டார். அந்த விஷயத்தில் அவரும் நானும் ஒரே சாதி.

ஜூலை 8, திங்கள்

பதில்கள் போய்விட்டன. மின்னஞ்சலில் ஒன்று, விரைவுத் தபாலில் ஒன்று.

சிறை முழுவதும் சுண்ணாம்பு வாசனை. கழிப்பறைகளுக்குக் கதவு வந்திருக்கிறது. மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருந்தோம், மூன்று நாளில் வந்துவிட்டது. வாய்த்துடுக்கான ஐந்து பேரை வேறு சிறைக்கு மாற்றியாயிற்று. பதினாறாம் தேதி திரும்பக் கூட்டிவந்துவிடுவார்களாம். மாலையில் ஒத்திகை நடந்தது. அருள்வளன் எம்.பி.யாக நடித்து, சாப்பாடு எப்படி இருக்கிறது என்று வரிசையில் நின்றவர்களைக் கேட்டார். மூன்றாவது ஆள், "எலக்‌ஷன் வருதோ?" என்றான். எல்லோரும் சிரித்தோம், எம்.பி. உட்பட.

நாளை அலுவலக அறை. ஆய்வு வந்தால் மேசை மேல் தாள் கிடக்கக் கூடாது. இது எங்கள் துறையில் எழுதாத சட்டம். பார்க்க நேரமில்லாத தபாலை எல்லாம் சேர்த்துக் கட்டி 'ஆய்வுக்குப் பின்' என்று துண்டுச்சீட்டு செருகி பீரோ மேல் ஏற்றிவிடுவோம். போன ஆகஸ்டில் டி.ஐ.ஜி. ஆய்வுக்கு வந்தபோது என் மேசையைப் பார்த்து, இதுபோல் எல்லோரும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னார். அந்தப் பாராட்டை இன்னும் நான் யாரிடமாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

தவசிக்கனி ஸ்டூல் போட்டு ஏறி பீரோ மேலெல்லாம் துடைத்தார். மின்விசிறி இறக்கைகளையும் துடைத்தார். மேலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்து, தூசியைத் தன் துண்டால் தட்டிவிட்டு என்னிடம் நீட்டினார். "இது வேணுமா மேடம், இல்ல பழச சேத்துப் போட்டுரவா?" என்று கேட்டார். போன ஆகஸ்ட் கட்டு. என் கையெழுத்தில் 'ஆய்வுக்குப் பின்' என்று இருந்தது.

உள்ளே பதினேழு தாள்கள். அதில் பதினாறுக்கு இப்போது வேலை இல்லை.

இரவு இட்லிக்கு அரைத்தேன். உளுந்து போதவில்லை என்று நினைக்கிறேன், மாவு பொங்கவில்லை.

ஜூலை 10, புதன்

நேற்று எழுதாததை இன்று எழுதிவிடுகிறேன்.

பதினேழாவது தாள், பக்கத்துத் தாலுகா நீதிமன்றத்தின் கடிதம். தவசிக்கனியின் பெயரை அந்த மோட்டார் வழக்கிலிருந்து போலீஸ் நீக்கிவிட்டதால் பி.டி. வாரண்டைத் திரும்பப் பெறுவதாக எழுதியிருக்கிறார்கள். போன ஆகஸ்ட் பதினேழாம் தேதி இங்கே வந்திருக்கிறது. தபால் பதிவேட்டில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. அன்றே அவர் போயிருக்க வேண்டியவர். அதற்குப் பிறகு பதினோரு மாதமாக ஒவ்வொரு பட்டியலிலும் 'பி.டி. நிலுவை' என்று நான் எழுதிக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறேன். அவருடைய சொந்த ஊர் வழக்கு விசாரணைக்கே வரவில்லை. அதனால் கேட்கவும் ஆளில்லை.

காலையில் அருள்வளனிடம் காட்டினேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. கைதிகளின் பிள்ளைகளுக்குத் தன் செலவில் நோட்டு வாங்கிக் கொடுப்பவர். தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, கதவைச் சாத்தினார்.

"கேட்டவங்களுக்குப் பதில் போயிட்டு மேடம். இல்லன்னு எழுதி ரெண்டு நாள்தான் ஆகுது. இப்பம் இவர வெளிய விட்டா தேதியே காட்டிக் கொடுத்துரும்லா. கமிட்டி போகட்டும். பதினாறாந்தேதி காலைல நானே கூட்டிட்டுப் போயி பஸ் ஏத்தி விடுதேன். பதினோரு மாசம் இருந்துட்டாரு. இன்னும் ஆறு நாளு."

அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இப்போது கிளறினால் சிறைக்கே கெட்ட பெயர். தாளை என் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

இன்று மனு நாள். கைதிகளைப் பார்க்க வருவதை இங்கே மனு போடுவது என்பார்கள். தவசிக்கனியின் மனைவி சந்தனமாரி வந்திருந்தாள். பீடி சுற்றுகிறவள், இரண்டு பஸ் மாறி வருவாள். மனு முடிந்ததும் என் ஜன்னலுக்கு வந்தாள். எப்போதும், எப்பம் விடுவாவ என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். இன்று போகவில்லை. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாளாம். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலைக்கு எடுக்க ஆள் வந்திருக்கிறதாம். விடுதியிலேயே தங்கவேண்டும், மூன்று வருட ஒப்பந்தம், ஆறு மாதம் கழித்துத்தான் வீட்டுக்கு விடுவார்களாம். சனிக்கிழமை வேன் வருகிறது. தவசிக்கனியின் அண்ணன் பேசி முடித்துவிட்டார்.

"அவரு வெளிய இருந்தா விடவே மாட்டாரு மேடம். நர்சுக்குப் படிக்க வைக்கணும்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. நான் ஒத்தப் பொம்பள, அண்ணாச்சி பேச்சுக்கு எதுத்து என்ன சொல்ல?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் கும்பிட்டாள்.

ஜூலை 11, வியாழன்

விசேஷம் ஒன்றுமில்லை. கொசுவலை வந்து இறங்கியது. குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராக என்னையே போட்டிருக்கிறார்கள். எந்தப் புடவை என்று பார்க்க வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

காலையில் தாளை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளர் அறைக்குப் போனேன். அவர் வரவேற்புரையை உரக்கப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஆங்கில வார்த்தையை எப்படிச் சொல்வது என்று கேட்டார், சொன்னேன். இன்னொன்று கேட்டார், அதையும் சொன்னேன். அவருக்கு இருந்த பரபரப்பில் இதை வேறு நுழைக்க வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

மதியம் சும்மா இருந்த நேரத்தில் பதவி உயர்வுப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அலுவலகக் கண்காணிப்பாளர் பதவிக்கு மூன்றாவதாக என் பெயர் இருக்கிறது. செப்டம்பரில் ஆணை வரலாம். குற்றக் குறிப்பாணை ஏதும் நிலுவையில் இருந்தால் பெயரை நிறுத்தி வைப்பார்கள் என்று கீழே போட்டிருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த விதிதான்.

தவசிக்கனி தண்ணீர்க் குடத்தை வைக்க வந்தபோது என் மேசைப் பக்கம் நின்றார். ஒரு வருடத்தில் வேலையைத் தவிர அவராக ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தடவை. நாளைக்குள் ஏதாவது வழி இருக்கிறதா, அந்த ஊர் கோர்ட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்க முடியுமா என்றார். ஒரு நாள் வெளியே விட்டாலும் போதும், வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு அவரே திரும்பி வந்துவிடுவாராம். வருவார் என்றுதான் எனக்கும் தோன்றியது.

பார்க்கிறேன் என்றேன்.

இவர் வீட்டில், ரெண்டு நாளா சொட்டு மருந்து கன்னத்துல போகுது, கண்ணுல போகல என்றார். தலையை நன்றாகச் சாய்க்கச் சொன்னேன்.

ஜூலை 13, சனி

இன்று அலுவலகத்துக்குப் போக வேண்டிய நாள் இல்லை. ஆனாலும் போனேன். இழுப்பறையைத் திறந்து தாளைப் பார்த்தேன். அருள்வளன் வந்தார். திங்கள்கிழமை போயிட்டா எல்லாம் சரியாயிரும் மேடம், மனசப் போட்டுக் குழப்பாதீங்க என்றார். தேநீர் வாங்கித் தந்தார்.

வேன் எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியாது. காலையா மாலையா என்று சந்தனமாரி சொல்லவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

தவசிக்கனிக்கு வீட்டிலிருந்து போன் வந்ததாம். தொலைபேசிப் பொறுப்பிலிருந்த வார்டர் சொன்னார். மூன்று நிமிடம் பேசலாம், அவர் ஒரு நிமிடத்தில் வைத்துவிட்டாராம்.

ஜூலை 15, திங்கள்

பத்தரைக்கு வந்தார்கள். மாலை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். வாங்கி வைத்த எட்டு மாலையும் பொன்னாடையும் தபால் மேசையில் கிடந்தன. வடகிழக்கு மாநிலத்து எம்.பி. ஒரு அம்மா. எழுபது வயதுக்கு மேல் இருக்கும், குள்ளம், காலில் ஷூ. கண்காணிப்பாளரின் வரவேற்புரையை இரண்டாவது பக்கத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, முதலில் கைதிகளைப் பார்க்கலாம் என்று எழுந்துவிட்டார். கழிப்பறைக் கதவை இழுத்துப் பார்த்தார். பெயின்ட் கையில் ஒட்டியது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

மற்ற எம்.பி.க்கள் சாப்பாடு, படுக்கை, மருந்து என்று கேட்டார்கள். அந்த அம்மா எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார். எதற்காக வந்தாய் என்று கேட்கவில்லை. இன்னும் ஏன் இங்கே இருக்கிறாய் என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன். ஒருவன் வக்கீல் வருவதில்லை என்றான். ஒருவன் ஜாமீனுக்கு ஆள் இல்லை என்றான். இன்னொருவனுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் நான் ஆங்கிலத்தில் சொன்னேன், டெல்லி அதிகாரி ஒருவர் எழுதிக்கொண்டார். என் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அந்த நேரத்திலும் எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

வரிசையில் பதினான்காவது ஆளாகத் தவசிக்கனி நின்றார். வெள்ளைச் சட்டை, தலை படிய வாரியிருந்தார். இன்னும் ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வாரண்ட் ஒண்ணு நிக்கி. மேடம் பாத்துக்கிட்டு இருக்காவ."

முதல் வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். அதோடு நிறுத்தியிருப்பேன். அந்த அம்மா, இன்னும் ஏதோ சொன்னாரே என்றார். அதையும் சொன்னேன். எந்த மேடம் என்று கேட்டார். தவசிக்கனிக்கு 'மேடம்' என்ற வார்த்தையை வைத்துக் கேள்வி புரிந்துவிட்டது போலிருக்கிறது, என்னைக் கைகாட்டினார். அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாக எல்லாம் பார்க்கவில்லை. மேலே சொல்வேன் என்று காத்திருந்தார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த வாரண்ட் இப்போது இல்லை. திரும்பப் பெற்ற கடிதம் போன ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. நான்தான் வாங்கினேன், வேறு தாள்களோடு கட்டி வைத்து மறந்துவிட்டேன். உங்களுக்கு அனுப்பிய பட்டியலில் இருபத்தேழாவது பதில் தவறு. கடிதம் என் இழுப்பறையில் இருக்கிறது.

கண்காணிப்பாளருக்கு வியர்த்துவிட்டது. அருள்வளன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னதில் தவசிக்கனிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. நான் அவருக்காக ஏதோ பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு கையைக் கட்டி நின்றார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குழுத் தலைவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். அங்கிருந்தே நீதிமன்றத்துக்குப் பேசினார்கள், மதியத்துக்குள் உறுதிசெய்து மின்னஞ்சல் வந்துவிட்டது. பதினோரு மாதம் ஆகாதது மூன்று மணி நேரத்தில் ஆனது. புறப்படும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இதைச் சொல்ல தைரியம் வேண்டும், அறிக்கையில் எழுதுவேன் என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார்.

நாலரைக்குத் தவசிக்கனி வெளியே போனார். அதற்கு முன் கைரேகை வைக்க என் மேசைக்கு வந்தார். என்ன நடந்தது என்று தமிழில் நானே சொன்னேன். அவர் ஒன்று கேட்டார். இன்றைக்கு அதை எழுத முடியவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

மாற்றி அனுப்பிய ஐந்து பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். கண்காணிப்பாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் சென்னையிலிருந்து பேசிய அதிகாரி, குழு உங்களைப் பாராட்டியிருக்கிறது, சின்ன விளக்கத்தோடு முடித்துவிடலாம் என்றாராம். மறதிதானே, மெமோ ஒன்று வரும், எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார் அருள்வளன். அவருடைய பெயரை நான் சொல்லாததற்கு நன்றி என்றும் சொன்னார். நான் அதற்காக மறைக்கவில்லை. அவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 17, புதன்

மனு நாள். ஜன்னலுக்கு வெளியே பெண்கள் வரிசை. இன்று எழுதிவிடுகிறேன்.

திங்கள்கிழமை மாலை தவசிக்கனி என் முன்னால் உட்கார்ந்திருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னதே அன்றைக்குத்தான். கடிதம் வந்தது, ஆய்வுக்காகக் கட்டி வைத்தது, மறந்தது எல்லாவற்றையும் சொன்னேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. மை தடவிய கட்டை விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மறந்து போறது மனுசனுக்கு உள்ளதுதான். எனக்கும் மறக்கும். அது கிடக்கட்டும். அந்தத் தாள் என்னைக்கு உங்க கண்ணுல பட்டுச்சு?"

செவ்வாய்க்கிழமை என்றேன்.

அவர் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். புதன், வியாழன், வெள்ளி. வெள்ளிக்கிழமை இதே மேசைக்குப் பக்கத்தில்தான் குடத்தை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு எழுந்தார். நாற்காலியை மேசைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளி வைத்தார். வாரேன் என்றுகூடச் சொல்லாமல் போனார். இத்தனை நாளில் அவர் சொல்லாமல் போனதே இல்லை.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. பதினோரு மாதத்துக்கு வெட்கப்பட்டது வேறு. அதில் பாதி வருத்தம்தான். இது முழுக்க வெட்கம்.

ஜூலை 22, திங்கள்

மெமோ வந்தது. ஒரே பத்தி. பதினோரு மாதத் தாமதத்துக்கான காரணத்தை ஏழு நாட்களுக்குள் விளக்க வேண்டும். ஆகஸ்ட் பதினேழு முதல் 'கடிதம் கண்டறியப்பட்ட நாள்' வரை என்று போட்டிருக்கிறார்கள். கண்டறியப்பட்ட நாள் என்று பதினைந்தாம் தேதியை அவர்களாகவே எழுதியிருக்கிறார்கள். குழு வந்த அன்று காலைதான் நான் பார்த்தேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவருக்குக் கறுப்புக் கண்ணாடி எடுத்தாயிற்று. டாக்டரிடம் எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படித்தாராம். பஸ்ஸில் வரும்போது கடைப் பெயர்களை எல்லாம் படித்துக்கொண்டே வந்தார்.

ஜூலை 24, புதன்

சந்தனமாரி வந்தாள். அவர் விட்டுப்போன போர்வையும் ஒரு சட்டையும் உள்ளே இருந்தன, வாங்கிப் போக வந்தாள். என்னிடம் பேசமாட்டாள் என்று நினைத்தேன். பேசினாள்.

வெளியே வந்த மறுநாளே தவசிக்கனி கோயம்புத்தூருக்குப் போய்விட்டாராம். மில் வாசலில் உள்ளே விடவில்லை. பிள்ளை தானாக விரும்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்களாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து நிமிடம் பார்க்க விட்டார்கள். இப்போது அங்கேயே பக்கத்தில் ஒரு கிணற்று வேலைக்குச் சேர்ந்து, வாரா வாரம் பார்ப்பதற்காகத் தங்கிவிட்டார்.

"கூட்டிட்டு வராம ஊருக்கு வரமாட்டேன்னுட்டாரு. ஒரு வருசமா அவர எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன். இப்பம் ரெண்டு பேரையும் எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவள் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கதவு எந்தப் பக்கம் என்று கேட்டவளுக்கு வழி சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். கடிதத்தைப் பற்றி அவர் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்று அப்போது தெரிந்தது. நானே சொன்னேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். கும்பிடாமல் போனாள். அதுதான் சரி.

மாலையில் மாவட்டச் சட்ட உதவி மையத்துக்குப் போனேன். மில் விஷயத்தைச் சொன்னேன். விடுதியிலிருந்து பெற்றோர் கூட்டிப் போவதை ஒப்பந்தம் என்று சொல்லித் தடுக்க முடியாது, அங்குள்ள மையத்துக்கு எழுதலாம் என்றார் வழக்கறிஞர். அங்கேயே உட்கார்ந்து மனுவை நான் எழுதினேன். நகலைச் சந்தனமாரிக்கு அனுப்பியிருக்கிறேன். என்ன ஆகும் என்று தெரியாது.

ஜூலை 26, வெள்ளி

காலையில் எழுந்து விளக்கம் எழுதினேன். முதல் பத்தியில் அவர்கள் கேட்ட பதினோரு மாதம். மறதி, கவனக்குறைவு, என்னுடைய முழுப் பொறுப்பு. அதோடு முடித்தால் பட்டியலில் மூன்றாவது பெயர் அப்படியே இருக்கும் என்று அருள்வளன் நேற்றுகூடச் சொன்னார்.

இரண்டாவது பத்தி எழுதினேன். கடிதத்தை நான் பார்த்தது ஜூலை பதினைந்தாம் தேதி அல்ல, ஒன்பதாம் தேதி. பார்த்த பிறகும் தெரிந்தே ஆறு நாள் வைத்திருந்தேன். அந்த ஆறு நாட்களுக்குள் அவருடைய மகளை மில்லுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதும், அவர் வெளியே இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். என்னுடைய பதவி உயர்வு பாதிக்கப்படும் என்ற பயமே காரணம். வேறு யாருடைய பெயரையும் எழுதவில்லை.

அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது இவர் அந்தத் தாளை எடுத்துப் படித்திருக்கிறார். புதுக் கண்ணல்லவா, கிடைத்ததை எல்லாம் படிக்கிறார். இரண்டாம் தடவையும் படித்துவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"இத யாரும் கேக்கலையே வடிவு. நீயா ஏன் எழுதுத?"

"ஒருத்தரு கேட்டாரு" என்றேன்.

இவர் தாளை மேசையில் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்துவந்து கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். பத்து மணிக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன்.